404: நாற்பத்தாறு பேரோட ஹாஜிரி எங்கே போச்சு?

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வழக்கமா நொய்டா குளிர், நல்ல தேங்காய் கிடைக்காத சோகம், ஊருக்கு டிக்கெட் கிடைக்காத சோகம்னு எழுதிட்டுப் போயிடுவேன். இன்னிக்கு அது இல்லை. நாலு மாசமா உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கிற ஒரு விஷயம். தங்கமணி "எழுதித் தொலைங்க, வீட்ல எங்ககிட்ட கத்தாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதனால இங்க கத்துறேன். :-)

நான் கட்டடம் கட்டுறவன் இல்லை, கட்டுறதைக் கணக்குப் பார்க்கிறவன். பில்டருக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவுல உட்கார்ந்து எத்தனை தளம் முடிஞ்சுது, எத்தனை நாள் தாமதம், யாரால தாமதம்னு எழுதுற பிளானிங் எஞ்சினியர் வேலை. முன்னெல்லாம் இதெல்லாம் ரெஜிஸ்டர்ல இருந்துது. இப்போ கட்டுமான மேலாண்மை மென்பொருள்னு ஒண்ணு எல்லா பெரிய சைட்லயும் வந்தாச்சு. இன்னிக்கு எத்தனை ஆள் வந்தாங்க, எந்தத் தளத்துல காங்கிரீட் போட்டாங்க, கியூப் டெஸ்ட் ரிசல்ட் என்ன, வேலை ஏன் நின்னுச்சு, எல்லாம் செல்போன்ல ஏத்திடுவாங்க. "காகிதமில்லா சைட்"னு பெருமையா போர்டு கூட மாட்டினாங்க.

அந்த மென்பொருளுக்கு ஏபிஐன்னு ஒரு சன்னல் உண்டு. மனுசங்க திரையில பார்க்கிற அதே பதிவை இன்னொரு நிரல் வந்து கேட்டு வாங்கிக்கிற சன்னல். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுற மக்கள், உங்களுக்கு விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்கு: சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோமே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. சர்வே நம்பரும் வருசமும் சொன்னா உள்ளே இருக்கிறதை எடுத்து நீட்டுவாங்க. இந்த வில்லங்க உதாரணத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

நடந்தது இதுதான். 2024 நவம்பர்ல டெல்லி காத்து எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். கிராப்னு சொல்ற படிநிலைத் திட்டத்துல நவம்பர் 15 மூணாம் நிலை, 18 நாலாம் நிலை. கட்டுமான வேலை நிறுத்தம். டிசம்பர் 5 தளர்த்தினாங்க, 16 திரும்பப் போட்டாங்க. ரெண்டும் சேர்த்து எங்க சைட் கணக்குல 31 நாள் வேலை இல்லை. பிளம்பிங், வயரிங் மாதிரி தூசி கிளப்பாத வேலைக்கு அனுமதி உண்டு. கம்பி கட்டுறவங்களுக்குக் கிடையாது.

எங்க சைட்ல கம்பி வேலை எடுத்தவர் மால்டா பக்கத்துக்காரர், வங்காளி. சின்ன டேக்கேதார். 46 பேரைக் கூட்டிட்டு வந்திருந்தார். அவரோட வொர்க் ஆர்டர்ல ஒரு நல்ல ஷரத்து இருந்துது: ஆள் சைட்ல இருந்து, அவர் தப்பில்லாம வேலை நின்னா, தினசரிப் பதிவுல "ஐடில்"னு ஏறியிருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் பாதிக் கூலி. நாளுக்கு 350 ரூபாய். 46 பேர், 31 நாள். 4,99,100 ரூபாய். அந்த ஷரத்தை நம்பித்தான் அவர் ஆளுங்களை ஊருக்கு அனுப்பாம வச்சுக்கிட்டார். அனுப்பிட்டா திரும்பி வரமாட்டாங்கன்னு மெயின் கான்ட்ராக்டரும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டதுதான். தினமும் காலையில சைட் சூப்பர்வைசர் தலையை எண்ணி மொபைல்ல ஏத்தினார். நானே பார்த்திருக்கேன். ஷெட்டுக்கு வெளியே மூட்டமா நெருப்புப் போட்டுக் குளிர் காஞ்சுக்கிட்டிருந்த 46 பேரை.

2025 ஆகஸ்ட்ல ஃபைனல் பில். ஐடில் கணக்கு மொத்தமும் கட். காரணம் ஒரே வரி: சிஸ்டத்துல பதிவு இல்லை.

அந்த ஆள் என்கிட்ட வந்தார். எங்க ஆபீஸ் அவருக்குப் பணம் கொடுக்கிற இடமே இல்லை, ஆனாலும் டேஷ்போர்டு போடுறவன்ங்கிற முறையில என்னைத் தெரியும். "சார்ஜி, மேரா ஹாஜிரி கஹாங் கயா?" என்னோட ஹாஜிரி எங்கே போச்சு? கோபமாக் கூட கேட்கலை. ரேஷன் கடையில பேர் விட்டுப் போன ஆள் கேட்கிற மாதிரி கேட்டார்.

போய்ப் பார்த்தேன். ஏபிஐ வழியா அந்தத் தேதிகளுக்குத் தினசரிப் பதிவைக் கேட்டா, 200 ஓகேன்னு சிரிச்சுக்கிட்டே வெத்துப் பட்டியல் வருது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. கேட்டது சரி, ஒண்ணும் இல்லை, போய்ட்டு வா. சரின்னு பழைய வாராந்திர ரிப்போர்ட்ல இருந்த லிங்க்ல இருந்து பதிவு எண்களை எடுத்து ஒவ்வொண்ணாக் கேட்டேன். எல்லாத்துக்கும் 404.

இந்த 404 பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். 404னா "கிடைக்கலை". அந்த எண்ல எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்லைன்னாலும் 404, நேத்து வரைக்கும் இருந்து இன்னிக்கு யாரோ அழிச்சிருந்தாலும் 404. ஆனா இணையத்தோட இந்த மொழியிலேயே 410னு ஒரு பதில் இருக்கு. "இங்க இருந்துது, இப்போ இல்லை, போயாச்சு"ன்னு அர்த்தம். 1997ல எச்டிடிபி 1.1 தரத்தை எழுதினப்பவே சேர்த்துட்டாங்க. கண்டுபிடிச்சவங்களுக்கு ரெண்டும் வேற வேறன்னு தெரிஞ்சிருக்கு. நாமதான் எல்லாத்துக்கும் 404னு எழுதிட்டு டீ குடிக்கப் போறோம். கம்பி கட்டுறவருக்கு 404னா "நீ பொய் சொல்றே". 410னா "நீ சொல்றது நிஜம், அழிச்சது யாருன்னு கேளு".

அடுத்து குப்பைத்தொட்டி. இந்த மென்பொருள்லயும் அழிச்சது கொஞ்ச நாள் தொட்டியில கிடக்கும். ஆனா தொட்டியைப் பார்க்க அட்மின் உரிமை வேணும். என்னோட டோக்கன் வெறும் வாசிப்பு டோக்கன். அட்மின் மெயின் கான்ட்ராக்டர் ஆள். கெஞ்சிக் கூத்தாடி மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா தொட்டி காலி. 90 நாள்தான் வச்சிருக்குமாம். அழிச்சது மே மாசம். ஆகஸ்ட்ல பில் வெட்டுறாங்க, செப்டம்பர்ல நான் தொட்டியைத் திறக்கிறேன். கணக்குப் போட்டுக்கோங்க.

வெப்ஹுக் குறிப்பு ஒண்ணு மிச்சம் இருந்துது. பதிவு எதுவும் மாறினா எங்க சர்வருக்கு ஒரு தகவல் வர்ற மாதிரி எப்பவோ வச்சிருந்தேன். அதுல வரிசையா "டெலிட், டெலிட், டெலிட்". நேரம் இருக்கு, பதிவு எண் இருக்கு, செஞ்ச பயனர் எண் இருக்கு. உள்ளடக்கம் இல்லை. இந்த வெப்ஹுக் அப்படித்தான், "ஏதோ நடந்துச்சு, வந்து பாரு"ன்னு மணி அடிக்கும். வந்து பார்த்தா 404. சாவு மணி.

வேணும்னே அழிச்சாங்கன்னு நான் சொல்லலை. விசாரிச்சதுல தெரிஞ்சது, டவர் ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி "டேட்டா கிளீனப்"னு ஒரு பயிற்சிப் பையன்கிட்ட வேலை கொடுத்திருக்காங்க. முன்னேற்ற அளவு பூஜ்யமா இருக்கிற தினசரிப் பதிவெல்லாம் குப்பைன்னு வடிகட்டி மொத்தமாத் தேர்ந்தெடுத்து அழிச்சிருக்கான். வேலை நின்ன நாள்ல முன்னேற்றம் பூஜ்யமாத்தானே இருக்கும்? அந்தப் பூஜ்யம்தான் அங்க சாட்சி. பையன் மேல தப்பே இல்லை. அவன் கையில அந்தப் பொத்தானைக் கொடுத்தவங்க மேல தப்பு.

இப்போ என் பங்கு. இதைச் சொல்லாம மத்தவங்களைத் திட்டினா நான் யோக்கியன் இல்லை. டேஷ்போர்டுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாப் பதிவையும் ஏபிஐ வழியா இழுக்கிற ஒரு பைதான் நிரல் நான்தான் எழுதினேன். அந்த ஆளைப் பார்த்து "கவலைப்படாதீங்க தாதா, என்கிட்ட காப்பி இருக்கு"ன்னு சொல்லிட்டேன். போய்ப் பார்த்தா இல்லை. என் நிரல் ஒவ்வொரு ராத்திரியும் பழைய அட்டவணையைக் காலி பண்ணிட்டுப் புதுசா நிரப்பும். எழுத சுலபம்னு அப்படி எழுதினேன். மே மாசம் அங்க அழிஞ்ச அன்னிக்கு ராத்திரியே என்கிட்டயும் விசுவாசமா அழிஞ்சு போச்சு. நான் வச்சிருந்தது கண்ணாடி. முன்னாடி நிக்கிற ஆள் போனா பிம்பமும் போயிடும். அதைப் போய் நகல்னு நினைச்சு ரெண்டு வருசம் நிம்மதியாத் தூங்கியிருக்கேன்.

கடைசியில கைகொடுத்தது அதிர்ஷ்டம். 2024 டிசம்பர் 2 அன்னிக்கு ராத்திரி என் பழைய லேப்டாப்ல நிரலைச் சோதிக்கிறதுக்காக ஒரு தடவை இழுத்திருந்தேன், மறுநாள் லேப்டாப்பை மாத்திட்டாங்க. பழசோட ஹார்ட் டிஸ்க் என் மேசை டிராயர்ல கிடந்துது. அதுல நவம்பர் 15ல இருந்து டிசம்பர் 2 வரைக்கும் 18 நாள், தலைக்கணக்கோட, சூப்பர்வைசர் பேரோட, ஏத்தின நேரத்தோட, ஜேசான் கோப்பா. 2,89,800 ரூபாய் ஒரு டிராயர்ல கிடந்துது. மீதி 13 நாள், 2,09,300 ரூபாய், எங்கேயும் இல்லை.

கேட்டுல கைரேகை வைக்கிறாங்களே, அது எங்கேன்னு கேட்பீங்க. அது செக்யூரிட்டி ஏஜென்சியோட மெஷின். ஆறு மாசத்துக்கு மேல வைக்கிறதில்லையாம். டேக்கேதாரோட முன்ஷிகிட்ட ஒரு நோட்டு இருந்துது, ஞாயித்துக்கிழமை குராக்கி, அதாவது வாரச் சாப்பாட்டுக் காசு, யார் யார் வாங்கினாங்கன்னு. ஊருக்குப் போனவன் குராக்கி வாங்க முடியாது இல்லையா? அதைக் காட்டினார். "உங்க நோட்டு, உங்க பேனா, எங்க கையெழுத்து எங்கே?"ன்னு கேட்டாங்க. கையெழுத்து வேண்டாம்னு, காகிதமே வேண்டாம்னு சொன்னதே அவங்கதானேய்யா!

இதுல எனக்கு எங்க அப்பா ஞாபகம். அம்பாசமுத்திரத்துல பொதுப்பணித்துறையில இருந்தார். எம்-புக்னு சொல்ற அளவுப் புத்தகம் வீட்டுக்கு வந்தா டிரங்குப் பெட்டியில ரேஷன் கார்டுக்குப் பக்கத்துல போய் உட்காரும். நாங்க தொடக்கூடாது. பக்கத்துக்கெல்லாம் அச்சடிச்ச எண். பக்கம் கிழிக்கக்கூடாது. அது தொலைஞ்சா மெமோ, விசாரணை. ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன், ஒரு வாய்க்கால் அளவைத் தப்பா எழுதிட்டார். நான் ஓடிப்போய் ரப்பர் கொண்டு வந்தேன். "ஏலே, எம்-புக்குல ரப்பருக்கு வேலை இல்லலே"ன்னு சொல்லிட்டு, தப்பான எண்ணுக்குக் குறுக்கே ஒத்தக் கோடு போட்டு, மேல சரியானதை எழுதி, பக்கத்துல சின்னக் கையெழுத்தும் தேதியும். தப்பான எண் கோட்டுக்கு அடியில அப்படியே தெரியுது. ஏன் அப்படின்னு கேட்டேன். "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நாளைக்கு வர்றவனுக்குத் தெரியணும்லா."

மத்தியப் பொதுப்பணித்துறையிலயும் இதே விதிதான். அழிக்காதே, மேலெழுதாதே, கோடு போட்டுச் சுருக்கொப்பம் வை. வேலை நின்னா தடைப் பதிவேடுன்னு தனியா ஒண்ணு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். அந்தத் துறைகள்ல ஊழல் இல்லைன்னு நான் சொல்ல வரலை, சொன்னா நீங்களே சிரிப்பீங்க. ஆனா அந்தப் புத்தகத்தை வடிவமைச்சவன் ஊழல் இருக்கும்னு தெரிஞ்சே வடிவமைச்சிருக்கான். நம்ம மென்பொருளை வடிவமைச்சவன் எல்லாரும் நல்லவங்கன்னு நம்பி, ஒவ்வொரு வரி பக்கத்துலயும் ஒரு குப்பைத்தொட்டிப் படத்தை வச்சுட்டான்.

வில்லங்கத்துக்கு வர்றேன். ஒரு கிரயத்தை ரத்துப் பண்ணினா வில்லங்கச் சான்றுல அந்தக் கிரயம் மறைஞ்சா போகுது? கீழே ரத்துப் பத்திரம்னு இன்னொரு வரி சேருது. ரெண்டும் தெரியும். சார்பதிவாளர் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர், "இந்தக் கிரயம் பழசு, யாருக்கும் தேவையில்லை"ன்னு வடிகட்டி அழிச்சுட்டு, நமக்கு "வில்லங்கம் இல்லை"ன்னு சான்று கொடுத்தா ஊர்ல விடுவோமா? சட்டையைப் பிடிச்சிருக்க மாட்டோம்? சைட் பதிவுல அதைத்தான் தினமும் பண்றாங்க, நாம "யூசர் ஃப்ரெண்ட்லி"ன்னு பாராட்டுறோம்.

பொட்டி தட்டுற மக்கள் சிலபேர்கிட்ட இதைப் பேசினேன். மூணு பதில் வந்துது.

ஒண்ணு, இடம். எல்லாத்தையும் வச்சிருந்தா சேமிப்புச் செலவு. அட போங்கப்பா. ஒரு நாள் ஹாஜிரிப் பதிவு சில கிலோபைட். அதே மென்பொருள்ல ஒருத்தர் ஒரே தூணை ஏழு கோணத்துல படம் எடுத்து ஏத்தியிருக்கார், அதுக்கு இடம் இருக்கு.

ரெண்டாவது, தனியுரிமை. 2023ல வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, என் தரவை அழின்னு கேட்கிற உரிமை இருக்கேன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனா அந்த உரிமை யாருக்கு? தரவு யாரைப் பத்தினதோ அவருக்கு. கம்பி கட்டுறவர் வந்து "என் ஹாஜிரியை அழிச்சுடு"ன்னு கேட்டாரா? இங்க அழிச்சது பணம் கொடுக்க வேண்டிய தரப்பு. தவிர, எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அதுக்கோ வேற சட்டத்துக்கோ இன்னும் தேவைன்னா வச்சுக்கலாம்னு அந்தப் பிரிவே சொல்லுது.

மூணாவது பதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது: "தொழில்நுட்ப ரீதியா கஷ்டம்." உங்களுக்கே தெரியும், முக்காவாசி மென்பொருள்ல அழிக்கிறதுனா அழிக்கிறதே இல்லை. அட்டவணையில "டெலிட்டட் அட்"னு ஒரு கட்டத்துல தேதி விழும், அவ்வளவுதான். பதிவு அங்கேயே இருக்கும், திரையும் ஏபிஐயும் அதை மறைக்கும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி வேலை ஒண்ணு ஓடி நிஜமாவே துடைக்கும். ஆக, அழிச்சதையும் சேர்த்துக் காட்டுன்னு கேட்கிற ஒரு அளவுருவைத் திறந்துவிடறதுக்கு எத்தனை நாள் ஆகும்? ஒரு ஸ்பிரிண்ட்?

முடியும்ங்கிறதுக்கு சாட்சி இருக்கு. ஆட்டோடெஸ்கோட கோப்பு மேலாண்மை ஏபிஐல ஒரு கோப்பை அழிக்கணும்னா, "அழிக்கப்பட்டது"ங்கிற வகையில புதுசா ஒரு பதிப்பை ஏத்தணும். அதாவது அழிப்பே இன்னொரு வரி. பழைய பதிப்புகள் அடியில இருக்கும். எங்க அப்பா போட்ட ஒத்தக் கோடு அதுதான்! ப்ரோகோர்ல ஆய்வுப் பட்டியல், விபத்துப் பதிவு மாதிரி சில வகைகளுக்குத் தொட்டியில கிடக்கிறதை ஏபிஐ வழியாப் பார்க்கவும் திரும்ப எடுக்கவும் முடியும். சிலதுக்கு முடியும்னா எல்லாத்துக்கும் முடியும். எந்த வகைக்கு அந்த வசதி வேணும்னு முடிவு பண்றப்போ, மால்டா டேக்கேதார் அந்த மீட்டிங்ல இல்லை, அதான் விஷயம்.

சட்டம் எங்கே இருக்குன்னு பாருங்க, இது இன்னும் வேடிக்கை. கம்பெனி கணக்கு எழுதுற மென்பொருளுக்கு விதி இருக்கு. 2021ல அறிவிச்சு, ரெண்டு தடவை தள்ளிப் போட்டு, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல். ஒவ்வொரு மாத்தமும் தேதியோட பதிவாகணும், அந்தப் பதிவை யாரும் அணைச்சு வைக்க முடியாதபடி இருக்கணும். அதனால வவுச்சரை மாத்தினா தடம் இருக்கும். அந்த வவுச்சருக்கு ஆதாரமான ஹாஜிரியை மாத்தினா தடம் தேவையில்லை! கல்லாப்பெட்டிக்குப் பூட்டு, நெல்லு மூட்டை தெருவுல.

கோர்ட்டு, நடுவர் மன்றம்னு போனா 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், 63ஆம் பிரிவு. மின்பதிவைக் கொடுக்கிறவர் ஒரு சான்று கொடுக்கணும், கோப்போட ஹேஷ் மதிப்பும் அதுல இருக்கணும், நிபுணர் ஒருத்தரும் கையெழுத்துப் போடணும். நல்ல விதிதான், நான் குறை சொல்லலை. ஆனா ஹேஷ் எடுக்கிறதுக்கு முதல்ல கோப்பு வேணுமே? டிராயர்ல கிடந்த அந்த 18 நாளுக்கு எஸ்எச்ஏ 256 எடுத்து வச்சுட்டேன். 13 நாளுக்கு எதை ஹேஷ் பண்றது, குளிரையா?

"இது கான்ட்ராக்டர் சண்டை, நமக்கென்ன"ன்னு நினைக்கிற குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. நொய்டாவுல, குர்கான்ல, புனேல, ஹைதராபாத்ல இஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கிற ஃப்ளாட்டோட சரித்திரமும் இதே மாதிரி ஒரு மென்பொருள்லதான் இருக்கு. ரெரா சட்டம் 14ஆம் பிரிவுப்படி, கைக்கு வந்த அஞ்சு வருசத்துக்குள்ள கட்டமைப்புக் குறை, தரக்குறைவுன்னு சொன்னா 30 நாள்ல பில்டர் சொந்தச் செலவுல சரி பண்ணிக் கொடுக்கணும். சரி, மூணாம் வருசம் பாத்ரூம் சீலிங் ஒழுகுது. வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி தண்ணி நிறுத்திப் பார்த்தாங்களா, எத்தனை நாள் நிறுத்தினாங்க, யார் பார்த்து ஓகே சொன்னாங்க? உங்க தளத்துல போட்ட காங்கிரீட்டோட 28 நாள் கியூப் என்ன தாங்குச்சு? ஐஎஸ் 456ன்படி 30 கனமீட்டர் காங்கிரீட்டுக்கு மூணு மாதிரி, மாதிரிக்கு மூணு கியூப் எடுக்கணும். அதுல ஃபெயிலான கியூப்போட பதிவு "டூப்ளிகேட்"ங்கிற பேர்ல போயிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? புராஜெக்ட் முடிஞ்சதும் சந்தாவையும் நிறுத்திடுவாங்க. அஞ்சு வருச உத்தரவாதம், பதிவுக்கு ஆயுசு ஒரு வருசச் சந்தா.

கூலி பாக்கிக்கும் இதே கதை. செஞ்ச வேலைக்குக் காசு கேட்டு வழக்குப் போட 1963 காலவரையறைச் சட்டம் மூணு வருசம் கொடுக்குது. குப்பைத்தொட்டி 90 நாள் கொடுக்குது. எது ஜெயிக்கும்?

2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், வேலை நின்ன கட்டடத் தொழிலாளர்களுக்கு செஸ் நிதியில இருந்து உதவித்தொகை கொடுங்கன்னு டெல்லிக்கும் சுத்தியிருக்கிற மாநிலங்களுக்கும் சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா அது வாரியத்துல பேர் பதிஞ்சவங்களுக்கு. எங்க சைட்ல இருந்த 46 பேர்ல பலபேர் பதியலை. அவங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தினசரிப் பதிவு.

அதனால நான் இப்போ என்ன பண்றேன்னு சொல்லிடறேன். எங்க கைக்கு வர்ற ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் நாலு வரி சேர்க்கச் சொல்லி அடம் பிடிக்கிறேன். சைட் பதிவை ஒரு தரப்பு தனியா அழிக்கக்கூடாது. தப்புன்னா காரணத்தோட ரத்துன்னு குறிக்கணும். ரத்தான பதிவும் மூணு தரப்போட வாசிப்பு டோக்கனுக்கும் ஏபிஐல தெரியணும், யார் எப்போன்னு சேர்த்து. பதிவுல யாரோட ஆள்கணக்கு இருக்கோ அவருக்கு அன்னிக்குச் சாயந்திரமே பிடிஎஃப் போகணும். குறை தீர்க்கும் காலமும் வழக்குக் காலமும் முடியற வரைக்கும் மொத்தத்தையும் இறக்கி எடுத்துக்கிற வசதி திறந்திருக்கணும். ரெண்டு இடத்துல ஒத்துக்கிட்டாங்க. ஒரு இடத்துல, "நீங்க ரொம்ப சந்தேகப்படுறீங்க"ன்னு சொன்னாங்க. ஆமா. சந்தேகப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பைதான் நிரலையும் மாத்தியாச்சு. இப்போ எதையும் காலி பண்றதில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வந்ததைத் தேதி போட்ட தனிக் கோப்பா வைக்கிறேன், அதோட ஹேஷையும் சேர்த்து. நேத்து இருந்த எண் இன்னிக்கு இல்லைன்னா காலையில எனக்கு மெயில் வரும். போன மாசம் ஒரு நாள் பதினோரு எண் காணோம்னு வந்துது. போன் பண்ணிக் கேட்டேன். "ஓ, அது தெரிஞ்சுடுமா சார்?"னு கேட்டாங்க. அரை மணி நேரத்துல பதினொண்ணும் திரும்பி வந்துடுச்சு.

மால்டாக்காரருக்கு 18 நாள் காசு 2025 தீபாவளிக்கு முன்னாடி கிடைச்சுது. 13 நாள் இன்னும் "பரிசீலனையில". அவர் இப்போ கிரேட்டர் நொய்டாவுல வேற சைட். அங்கேயும் மொபைல் ஆப்தான். ஆனா முன்ஷிகிட்ட நாற்பது ரூபாய் நீள நோட்டு ஒண்ணு வாங்கிக் கொடுத்து, பக்கத்துக்கெல்லாம் கையால எண் போட வச்சிருக்கார். தினமும் சாயந்திரம் அஞ்சரைக்கு சூப்பர்வைசர் பைக் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹேண்டில் மேல நோட்டை விரிச்சு வச்சுடுவாராம். கையெழுத்து விழாம பைக் நகராது.

டிஸ்கி: பில்டர், கான்ட்ராக்டர், மென்பொருள் பேரைக் கேட்டு மெயில் போடாதீங்க, சொல்ல மாட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொல்லி தங்கமணி கேட்டுக்கிட்டிருந்தாங்க. இப்போ கேட்கிறதில்லை. :-)